இரங்கற்பாவில் இறந்தவர் எங்கே?

நம் சமுதாயத்தில் வெளிவரும் விழா மலர்களையும் மாத இதழ்களையும் புரட்டிப் பார்ப்போர், அவற்றுள் தவறாது இடம்பெறும் ஒரு பகுதியைக் கண்டிருப்பர். கறுப்புக் கோடிட்ட கட்டம். அதனுள் மறைந்தவரின் பெயர். அதன் கீழ் எண்சீர் விருத்தம் ஒன்றோ இரண்டோ. மேலே 'இரங்கற்பா' என்னும் தலைப்பு. கவிதைகளுக்கு மதிப்புரை உண்டு. கட்டுரைகளுக்கு மறுப்புரை உண்டு. இந்தக் கட்டத்துக்குள் அச்சாகும் பாடலுக்கு மட்டும் எவரும் மதிப்புரை எழுதுவதில்லை. துக்க வீட்டுக்குப் போய் இலக்கணப் பிழை பார்ப்பதா என்னும் கூச்சமே அதற்குக் காரணம். அந்தக் கூச்சம் நமக்கும் உண்டு. ஆயினும் இலக்கியத்தின் எல்லா வகைகளிலும், அதிகம் தேவைப்படும் வேளையில் மனிதனின் கைக்கு வந்து சேர்வது இவ்வகையே. அது தன் பணியைச் செய்கிறதா என்று கேட்பது குற்றமாகாது.

அரபு மொழியில் ஆறுதல் கூறுதலைத் 'தஃஸியத்' என்பர். 'அஸாஉ' என்றால் பொறுமை. துயரைத் தாங்கும் ஆற்றல். அதிலிருந்து பிறந்த 'தஃஸியத்' என்னும் சொல்லுக்கு, ஒருவரைத் தாங்கிக் கொள்ளச் செய்தல் என்பதே பொருள். இலக்கணம் கற்றோர் இதிலுள்ள நுட்பத்தை அறிவர். பொறுமையைப் பற்றிப் பேசுதல் ஒன்று. பொறுத்துக் கொள்ளச் செய்தல் மற்றொன்று. முன்னதற்குப் புலமை போதும். பின்னதற்கு என்ன வேண்டும் என்பதே இக்கட்டுரையின் ஆய்வு.

இதை எழுத நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதை மறைத்து எழுதுதல் நேர்மையாகாது. சில ஆண்டுகளுக்கு முன், கடற்கரையூர் ஒன்றில் வாழும் நம் நண்பர் தம் ஒரே தம்பியை இழந்தார். நண்பரும் நாமும் ஒரே திண்ணையில் அமர்ந்து அலிஃப், பே ஓதத் தொடங்கியவர்கள். மத்ரஸாவில் தேர்வு நடந்து கொண்டிருந்தமையால் ஜனாஸாவுக்கு நம்மால் போய்ச் சேர இயலவில்லை. ஆகவே நீண்ட கடிதம் ஒன்று வரைந்தோம். பொறுமையாளரின் சிறப்பைக் கூறும் இறைவசனங்கள் ஐந்து, நபிமொழிகள் ஏழு, பெரியார்களின் கூற்றுகள் மூன்று. முடிவில் ஓர் இரங்கற்பா. பத்து நாட்கள் கழித்து நண்பர் தொலைபேசியில் பேசினார். கடிதத்துக்கு நன்றி கூறினார். பிறகு சற்றே தயங்கிவிட்டு, "ஹஜ்ரத், பாட்டு நன்றாகத்தான் இருக்கிறது. என் தம்பியைத்தான் அதில் காணவில்லை" என்றார்.

அவர் குறை கூறவில்லை. தேடிப் பார்த்ததைச் சொன்னார், அவ்வளவே. ஆனால் அவர் அறியாத ஒன்றை நாம் அறிந்திருந்தோம். அந்த விருத்தம் அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் வேறொரு பெரியவரின் மறைவுக்காக நாம் எழுதியது. பெயரை மாற்றினோம், பெயர் மாறியதால் கெட்ட எதுகையைச் சீர் செய்தோம், அனுப்பிவிட்டோம். வள்ளல் என்றும் விளக்கு என்றும் குணக்குன்று என்றும் அதில் இருந்த சொற்கள் முன்னவருக்கும் பொருந்தின, பின்னவருக்கும் பொருந்தின. எவருக்கும் பொருந்தும் சட்டை எவருடைய அளவுக்கும் தைக்கப்பட்டதன்று என்பது அன்று நமக்கு உறைத்தது.

அந்த வெட்கத்தோடு நாம் திரும்பிப் போன இடம், மாணவர்களுக்குப் பல்லாண்டு பாடம் சொல்லிய ஒரு பழைய நிகழ்ச்சி.

முதம்மிம் இப்னு நுவைரா, தமீம் கோத்திரத்தின் யர்பூஃ கிளையைச் சேர்ந்த கவிஞர். அவருடைய சகோதரர் மாலிக், ரித்தத் போர்களின் போது, ஹிஜ்ரி 11ஆம் ஆண்டில் புதாஹ் என்னும் இடத்தில் கொல்லப்பட்டார். அக்கொலையின் நியாயம் பற்றி வரலாற்றாசிரியர்களிடையே பலவகைக் கூற்றுகள் உண்டு. அவ்விவாதம் இங்கு நமக்குரியதன்று. நமக்குரியது, அதன் பிறகு முதம்மிம் என்ன ஆனார் என்பதே. அவர் சகோதரருக்காகப் பாடிக்கொண்டே இருந்தார். ஒரு கண் பார்வையற்ற அவர், அந்தக் கண்ணிலும் நீர் வழியும் வரை அழுதார் என்று அறிவிப்பாளர்கள் கூறுவர்.

அதே போர்களின் தொடரில் யமாமாவில் ஹளரத் உமர் (ரலி) அவர்களின் தமையனார் ஸைத் இப்னு கத்தாப் (ரலி) அவர்கள் கொடியைத் தாங்கி நின்று ஷஹீதானார்கள். தமக்கு முன்பே இஸ்லாத்தைத் தழுவி, தமக்கு முன்பே ஷஹாதத்தையும் பெற்றுக் கொண்டவர் என்று உமர் (ரலி) அவர்கள் அவரைப் பற்றிக் கூறுவதுண்டு. கீழைக்காற்று வீசும் போதெல்லாம் ஸைதின் மணம் தம்மை வந்தடைவதாகவும் அவர்கள் சொன்னதாக ஓர் அறிவிப்பு இருக்கிறது. பேரரசுகளை நடுங்க வைத்த கலீஃபாவின் நெஞ்சில் ஒரு காற்றுக்குப் பெயர் இருந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

உமரும் முதம்மிமும் சந்தித்தனர். நூல்களில் சிறுசிறு வேறுபாடுகளோடு காணப்படும் அச்சந்திப்பின் சாரம் இது: உமர் (ரலி) அவர்கள், மாலிக்கைப் பற்றிப் பாடியவற்றைப் பாடிக்காட்டுமாறு முதம்மிமைக் கேட்டார்கள். கேட்டு முடித்ததும், தமக்குக் கவிபாடும் ஆற்றல் இருந்திருந்தால், நீர் உம் சகோதரரைப் பாடியது போல் நானும் ஸைதைப் பாடியிருப்பேன் என்னும் கருத்துப்படக் கூறினார்கள். அதற்கு முதம்மிம், உம் சகோதரர் சென்ற வழியில் என் சகோதரர் சென்றிருந்தால் நான் அவருக்காக இவ்வளவு அழுதிருக்க மாட்டேன் என்று மறுமொழி தந்தார். அப்போது உமர் (ரலி) அவர்கள், ஸைதுக்காக முதம்மிம் எனக்குத் தந்த ஆறுதலைப் போல் வேறு எவரும் தந்ததில்லை என்று சொன்னார்கள்.

இந்நிகழ்ச்சியை, உமர் (ரலி) அவர்களின் கவிச்சுவைக்குச் சான்றாகவே நாம் வகுப்பில் எடுத்துரைத்து வந்தோம். அதன் நடுநரம்பு நம் கண்ணில் படவே இல்லை. மதீனாவில் தஃஸியத் கூறத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமா? குர்ஆனை நெஞ்சில் சுமந்தவர்கள், பெருமானாரின் திருவாய் மொழியை நேரில் கேட்டவர்கள் எத்தனை பேர் அன்று இருந்தனர்! ஷஹீதின் மறுமைப் பதவியை அவர்கள் உமருக்கு எடுத்துச் சொல்லாமலா இருந்திருப்பர்? முதம்மிம் கூறியதும் அதே செய்திதான். ஸைதின் முடிவு நன்முடிவு என்பதற்கு மேல் அதில் புதிதாக ஒன்றுமில்லை. அப்படியிருக்க, இவர் வாயிலிருந்து வந்தபோது மட்டும் அது ஏன் ஆறுதலாயிற்று?

இரண்டு காரணங்கள் நமக்குப் புலப்படுகின்றன. முதலாவது, சொன்னவர் ஆறுதல் கூற வந்தவரல்லர். தம் புண்ணைத் திறந்து காட்டியவர். உமது துயர் சிறிது, எமது துயர் பெரிது என்று ஒப்பிடுவது பொதுவாகப் புண்படுத்தும் பேச்சு. ஆனால் முதம்மிம் உமரின் துயரை அளக்கவில்லை. தம் அழுகைக்குக் காரணத்தைத் தாமே கண்டு சொன்னார். அச்சொல் பக்கத்தில் இருந்தவரின் காயத்துக்கும் மருந்தாயிற்று. இரண்டாவது காரணம் இன்னும் பெரிது. அங்கே முதலில் நடந்தது உபதேசமன்று, செவி கொடுத்தல். துக்கத்திலிருந்த கலீஃபா, தம்மைவிடத் துக்கத்திலிருந்த ஒருவரை அமர வைத்து, உம் சகோதரரைப் பற்றிச் சொல்லும் என்றார். கேட்கக் கேட்க அவருக்கு ஸைது நினைவுக்கு வந்தார். இருவரும் தத்தம் உடன்பிறந்தாரைப் பெயர் சொல்லி நினைத்தனர். அதன் பின்னரே ஆறுதல் பிறந்தது.

முதம்மிமின் பாடலையே எடுத்துக்கொண்டு பார்ப்போம். முஃபள்ளல் அள்ளப்பீ தொகுத்த 'அல்-முஃபள்ளலிய்யாத்' என்னும் பழந்தொகையில் அது காக்கப்பட்டுள்ளது. அதில் மாலிக் குணக்குன்றாக வரவில்லை, மனிதராக வருகிறார். அவருடைய உடலைத் தன் மேலாடையால் மூடியவன் யார் என்று கவிஞர் பெயர் குறிப்பிடுகிறார். அந்தி வேளையில் வயிறு நிறைய உண்டுவிட்டுப் படுப்பவரல்லர் தம் சகோதரர் என்கிறார். விருந்தினர் வரக்கூடும் என்று காத்திருப்பவர் என்பது குறிப்பு. ஒரு பெண், நேற்றுவரை நலமாயிருந்த நீர் ஏன் இப்படி உருமாறிப் போனீர் என்று கவிஞரைக் கேட்கிறாள். கன்றை இழந்து கதறும் பெண் ஒட்டகங்கள் மூன்று வருகின்றன. மாலிக் உறங்கும் மண்ணில் மழை பொழிய வேண்டும் என்னும் வேண்டுதல் வருகிறது. மேலாடை, அந்தி உணவு, ஒட்டகம், மழை என நான்கும் கண்ணால் காணத்தக்கவை. மாலிக்கைப் பாராத நாமும் இன்று அவரைக் காண்கிறோம்.

ஒருவருக்காக இவ்வளவு குறிப்பாகப் பாடப்பட்ட பாட்டு பிறருக்கு எப்படிப் பயன்படும் என்று ஐயுறுவோர்க்கு ஹதீஸ் நூலிலேயே விடை இருக்கிறது. அன்னை ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள் தம் சகோதரர் அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்களின் கபுருக்கு வந்து நின்றபோது, முதம்மிம் மாலிக்குக்காகப் பாடிய அடிகளையே ஓதினார்கள் என்று திர்மிதீயில் பதிவாகியுள்ளது. நீண்ட நாள் கூடியிருந்த வாழ்வும் பிரிவுக்குப் பின் ஓர் இரவுகூட இல்லாதது போலச் சுருங்கிவிடுவதைக் கூறும் பகுதி அது. பொதுவாக எழுதினால்தான் எல்லாருக்கும் பொருந்தும் என்பது நம் கவிஞர்களின் கணக்கு. உண்மை வேறாயிருக்கிறது. ஒருவரை உள்ளபடி பாடியது அன்னையின் நாவுக்கும் பொருந்திற்று. எல்லாரையும் மனத்தில் வைத்து நாம் எழுதியது நண்பரின் தம்பிக்குக்கூடப் பொருந்தவில்லை.

இங்கு ஆலிம் பெருமக்கள் ஒரு தடையை எழுப்பக்கூடும். இறந்தவரின் சிறப்புகளை எடுத்தெடுத்துச் சொல்லி ஓலமிடுதல் மார்க்கத்தில் விலக்கப்பட்ட 'நியாஹத்' ஆயிற்றே என்பர். தடை சரியானதே. கன்னத்தில் அறைந்து கொள்வதும், சட்டையைக் கிழித்துக் கொள்வதும், விதியை நொந்து கூக்குரலிடுவதும் நமக்கு ஆகுமானவை அல்ல. கூலிக்கு ஒப்பாரி வைப்பது பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. ஆனால் விலக்கப்பட்டது ஓலம், நினைவன்று, கண்ணீருமன்று. காலித் இப்னு வலீத் (ரலி) அவர்கள் மறைந்தபோது அழுத பெண்களை, தலையில் மண்ணை வாரிப் போடாமலும் கூச்சலிடாமலும் இருக்கும் வரை அழ விடுங்கள் என்று சொன்னவர்கள், கண்டிப்புக்குப் பெயர்பெற்ற அதே உமர் (ரலி) அவர்கள். பெருமானாரின் மறைவைப் பாடிய ஹஸ்ஸான் இப்னு தாபித் (ரலி) அவர்களின் இரங்கற்பாக்களை நம் முன்னோர் காத்து வைத்தார்கள், கழித்து விடவில்லை.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் நடைமுறையை ஒரு முறை வரிசையாக நினைத்துப் பார்ப்போம். ஹிஜ்ரி 10ஆம் ஆண்டில் குழந்தை இப்ராஹீம் மூச்சு அடங்கும் நேரத்தில் அவர்களின் கண்கள் கலங்கின. தாங்களுமா என்று அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) வினவியபோது, இது இரக்கம் என்றார்கள். கண் நீர் சொரியும், நெஞ்சம் துயருறும், நாவோ இறைவன் பொருந்தாததைப் பேசாது என்னும் கருத்தில் விளக்கமும் தந்தார்கள். ஹிஜ்ரி 8இல் மூத்தாப் போரில் ஜஃபர் (ரலி) ஷஹீதான செய்தி வந்ததும், ஜஃபரின் வீட்டாருக்கு உணவு சமைத்து அனுப்புங்கள், அவர்கள் வேறு நினைவில் இருக்கிறார்கள் என்று பணித்தார்கள். முதல் தஃஸியத் அடுப்படியில் பிறந்ததைக் காண்க. கபுரருகே அழுத ஒரு பெண்ணிடம் பொறுமை கொள்ளுமாறு கூறினார்கள். வந்தவர் யாரெனத் தெரியாத அப்பெண், என் துயர் உமக்கு நேரவில்லை, விலகிப் போம் என்றாள். அவர்கள் வாதிடவில்லை, விலகிச் சென்றார்கள். உண்மை தெரிந்து அவள் வாசலுக்கு ஓடி வந்தபோதும் அவளுடைய சொல்லைச் சொல்லிக் காட்டவில்லை. பொறுமை என்பது துயரின் முதல் தாக்குதலில் இருப்பதே என்று மட்டும் உணர்த்தினார்கள். ஒரே வாக்கியம், அதுவும் அவளாகத் தேடி வந்தபோது! நாமோ ஒரே உறையில் பதினைந்து மேற்கோள்களை வைத்து அனுப்பினோம்.

இவற்றுள் நம் உள்ளத்தை மிகவும் தொட்டது ஒரு சிறுவனின் கதை. அனஸ் (ரலி) அவர்களுக்கு ஒரு குட்டித் தம்பி. அபூ உமைர் என்று பெயர். அவன் வளர்த்த சிறு பறவை இறந்துவிட, அவன் வாடியிருந்தான். நபிகளார் அவனிடம் சென்று, அபூ உமைரே என்று விளித்து, உன் நுகைர் என்னாயிற்று என்று கேட்டார்கள். 'உமைர்', 'நுகைர்' என இரு சொற்களும் எதுகை போல ஒலிப்பதைக் காண்க. அல்லாஹ்வின் தூதர் ஒரு குழந்தையின் குருவியைப் பெயர் சொல்லி விசாரித்தார்கள். வேறு பறவை வாங்கிக் கொள்ளலாம் என்று சொல்லவில்லை. இறந்தது எதுவோ அதைப் பற்றியே கேட்டார்கள். தஃஸியத்தின் இலக்கணம் முழுவதும் அந்த ஒரு கேள்வியில் அடங்கிக் கிடப்பதாக நமக்குத் தோன்றுகிறது.

திருமறையின் யூஸுஃப் அத்தியாயத்திலும் இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. ஹளரத் யஃகூப் (அலை) அவர்கள் அழகிய பொறுமையைத் தம் வாயால் மொழிந்தவர்கள். அதே நபியின் கண்கள் துயரத்தால் வெளுத்துப் போயின என்றும் அதே அத்தியாயம் கூறுகிறது. அழகிய பொறுமையும் வெளுத்த கண்களும் ஒரே மனிதரிடம் கூடியிருக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அவர்களைச் சுற்றியிருந்த மக்களோ, யூஸுஃபை நினைத்து நினைத்தே தாங்கள் அழிந்து போவீர்கள் என்று கடிந்து கொண்டனர். அதன் பிறகு யஃகூப் (அலை) அவர்கள் தம் துயரை மனிதரிடம் பேசவில்லை. அல்லாஹ்விடம் மட்டுமே முறையிடுவதாகச் சொல்லிவிட்டார்கள். ஆறுதல் என்ற பெயரில் கடிந்துரைப்போர், துயருற்றவரின் வாயை மூடிவிடுகின்றனர் என்பது இங்கே நாம் பெறும் படிப்பினை.

அப்படியானால் அறிவுரைக்கே இடமில்லையா? உண்டு. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் கடிதம் அதற்கு எடுத்துக்காட்டு. பஸராவின் ஹதீஸ் மேதை அப்துர் ரஹ்மான் இப்னு மஹ்தீ (ரஹ்) தம் மகனை இழந்து ஆறாத்துயரில் இருக்கிறார் என்று கேள்வியுற்று அவர்கள் எழுதியது அது. பிறருக்கு என்ன கூறி ஆறுதல் தருவீரோ அதைக் கொண்டே உம்மையும் ஆற்றிக்கொள்ளும் என்று இமாமவர்கள் வேண்டுகிறார்கள். இப்னு மஹ்தீ எத்தனையோ பேருக்கு ஆறுதல் கூறிய பெரியார். அவருக்குப் புதுப்பாடம் எதையும் இமாமவர்கள் நடத்தவில்லை, அவருடைய சொல்லையே அவருக்குத் திருப்பித் தருகிறார்கள். உடனிருக்கும் கவிதையிலோ, நான் நிலைத்திருப்பேன் என்னும் நம்பிக்கையில் உமக்கு ஆறுதல் கூறவில்லை. ஆறுதல் பெறுபவரும் நிலையார், கூறுபவரும் நிலையார் என்னும் கருத்தை வைக்கிறார்கள். எழுதுபவர் மேட்டில் நின்று பேசவில்லை. அதே மண்ணில், அதே வரிசையில் நிற்கிறார். கடிதத்தில் அறிவுரை உண்டு. உயர்ந்த பீடம் இல்லை. நம் கடிதத்தில் இருந்தது பீடம் மட்டுமே.

துயருற்றவருக்கு எந்தச் சொல் தேவை என்பதை அவரே அறிவார் என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. கி.பி. 754 முதல் 775 வரை ஆண்ட அப்பாஸிய கலீஃபா மன்ஸூர், தம் மகன் ஜஃபரை அடக்கம் செய்துவிட்டு அரண்மனை திரும்பினார். கொள்ளை நோயில் புதல்வர்களைப் பறிகொடுத்த அபூ துஐப் அல்-ஹுதலீ பாடிய இரங்கற்பாவை ஓதிக்காட்ட எவரேனும் உண்டா என்று கேட்டார். அரச குடும்பத்தில் ஒருவருக்கும் அது மனப்பாடமில்லை. என் குடும்பத்தாருக்கு இலக்கியத்தில் இவ்வளவு நாட்டமின்மையா, மகனை இழந்ததைவிட இது பெருந்துயர் என்று கலீஃபா வருந்தியதாக 'கிதாபுல் அகானீ' கூறும். இறுதியில், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிவிட்டு வீடு திரும்பிக் கொண்டிருந்த முதிய ஆசிரியர் ஒருவரைப் பிடித்து வந்தனர். அவர் ஓதினார். ஓர் அடி வந்ததும், அதையே நூறு முறை சொல்லுமாறு மன்ஸூர் பணித்தார். அதே மன்ஸூரின் இன்னொரு மகனாகிய மஹ்தீக்குப் பாடம் சொல்லவே முஃபள்ளல் தம் தொகையை அமைத்தார் என்பதும், அதில் அபூ துஐபின் அப்பாடல் இடம்பெற்றிருப்பதும் கருதத்தக்கவை. ஆசிரியத் தொழிலில் முடி நரைத்த நமக்கு அந்தப் பெயரறியா முதியவர் மீது பொறாமையே உண்டாகிறது. அவர் தம் சொல் எதையும் சேர்க்கவில்லை. கேட்டதைக் கொடுத்தார், கேட்ட அளவு கொடுத்தார்.

இனி நம் தமிழ் மரபைச் சிறிது நோக்குவோம். தொல்காப்பியர் அழுகை என்னும் மெய்ப்பாட்டுக்கு நிலைக்களன் நான்கு என வகுத்து, அவற்றுள் ஒன்றாக இழவைக் கூறுவார். இறந்தாரை நினைந்து செயலற்று நிற்றலைப் பாடுவதற்குக் கையறுநிலை என்று துறையே உண்டு. பாரி மறைந்த பின் அவன் மகளிர் பாடியதாகப் புறநானூற்றில் வரும் சிறுபாடலை எண்ணுக. ஐந்தே அடிகள். சென்ற திங்களின் நிலவையும் இத்திங்களின் நிலவையும் அருகருகே வைத்துவிட்டு அது முடிந்து போகிறது. தந்தையின் பண்புப் பட்டியல் அதில் இல்லை. இருந்தும் பறம்பு மலையே அழுவது போன்ற உணர்வு நமக்கு வந்துவிடுகிறது. பாரியின் நண்பராகிய கபிலரும் பாடினார். பாடியதோடு நில்லாமல், தந்தையற்ற அம்மகளிரைத் தம் மகளிராகவே கொண்டு, மணமுடித்து வைக்க விச்சிக்கோன், இருங்கோவேள் முதலிய குறுநில மன்னரின் வாயில்களில் ஏறி இறங்கினார். ஜஃபரின் வீட்டாருக்கு உணவு சமைக்கச் சொன்ன திருநபியின் மரபை அறிந்தவர்களுக்குக் கபிலரின் நடை அந்நியமாகத் தோன்றாது. நம் சீதக்காதி வள்ளலைப் பற்றியும், செத்தும் கொடுத்தான் என்று மக்கள் இன்றளவும் சொல்வது, அவர் செய்த ஒரு செயலை நினைவில் நிறுத்தியே. அடைமொழிகள் உதிர்ந்து போகும், செயல் நிற்கும்.

இந்த உரைகற்களில் உரைத்துப் பார்க்கும்போது, இன்றைய நம் இரங்கற்பாக்கள் தேறுகின்றனவா? பெரும்பாலானவை தேறவில்லை என்றே கூற வேண்டும். நாம் எழுதியவை முதலாவதாக. யாப்புக் குறையன்று நாம் சுட்டுவது. மறைந்தவர் எந்தத் தெருவில் நடந்தார், எதற்குச் சிரித்தார், யாருக்கு என்ன செய்தார் என்பதை அறியாமலும் கேட்காமலும் எழுதுகிறோம். அந்த வெற்றிடத்தை அடைமொழிகளால் நிரப்புகிறோம். இப்போது கைபேசியில் ஒருவர் அனுப்பிய இரங்கல் வாசகத்தையே நூறு பேர் படியெடுத்து அனுப்பும் வழக்கமும் வந்துவிட்டது. துஆ எவர் கேட்டாலும் நன்மையே. ஆனால் தஃஸியத் என்பது துஆவோடு துயருற்றவரின் முகத்தையும் பார்ப்பது. படியெடுத்த வாசகம் எவர் முகத்தையும் பார்ப்பதில்லை.

தஃஸியத்துக்கு மூன்று நாட்களே வரம்பு என்று நம் ஷாஃபிஈ மத்ஹபின் நூல்கள் கூறுவதை எடுத்துக்காட்டி, அதன் பின் பேச்செடுக்கலாகாது என்பாரும் உளர். இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் 'அல்-அத்கார்' நூலில் அதற்குக் காரணத்தையும் தந்துள்ளார்கள்: அதற்குள் பெரும்பாலும் நெஞ்சு அமைதியுறும், மீண்டும் துயரைக் கிளறலாகாது. வெளியூரிலிருந்து வராதிருந்தவருக்கு விலக்கும் உண்டு. சடங்காக வந்து துயரைக் கிளறுவதற்கே அந்த வரம்பு என்று நாம் விளங்குகிறோம். தாமே பேச விரும்பும் நண்பர் முன் அமர்ந்து கேட்பது கிளறுதல் ஆகாது. தஃஸியத்துக்கு நாள் குறித்த ஃபுகஹாக்கள் நட்புக்கு நாள் குறிக்கவில்லை.

தேர்வுகள் முடிந்ததும் நாம் நண்பரின் ஊருக்குப் புறப்பட்டோம். அஸர் தொழுதுவிட்டு அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தோம். நூல் எதையும் எடுத்துச் செல்லவில்லை. தம்பியைப் பற்றிச் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டோம். முதலில் அவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு சைக்கிள் கடையைப் பற்றித் தொடங்கினார். தம்பி நடத்தி வந்தது சிறிய வாடகைச் சைக்கிள் கடை. ஊரில் பாதிப் பிள்ளைகள் அவரிடம்தான் சைக்கிள் ஓட்டப் பழகின. கடையை அடைத்த பிறகும் காற்றடிக்கும் பம்பை வெளியே சங்கிலியில் கட்டி வைத்துவிட்டுப் போவாராம். இராத்திரி யாருக்காவது தேவைப்படும் என்று. அண்ணனும் தம்பியும் ஒரே சஹனில் சாப்பிடுவது வழக்கம். கறித்துண்டுகளைப் பேச்சுவாக்கில் அண்ணன் பக்கம் தள்ளிவிட்டுத் தம்பி வெறுஞ்சோற்றைத் தின்பாராம். "இத்தனை வருஷமாக அவனுக்குக் கறி பிடிக்காது என்றே நினைத்திருந்தேன் ஹஜ்ரத். அவன் பெண்சாதி சொல்லித்தான் இப்போது தெரிகிறது" என்று கூறி நண்பர் அழுதார். நாமும் அழுதோம். பொறுமை பற்றிய வசனம் ஒன்று நம் நாவின் நுனி வரை வந்தது, அடக்கிக் கொண்டோம். மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் வரை அவர் பேசினார். எழுந்தபோது அவரே, "அல்லாஹ் கொடுத்தான், அல்லாஹ் எடுத்துக்கொண்டான்" என்றார். நாம் சொல்ல நினைத்ததை அவர் தாமாகச் சொன்னார்.

அன்றிரவு அவ்வீட்டில் நம்மையும் சஹனில் அமரச் சொன்னார்கள். நண்பர் முன்பு தம்பி அமர்ந்த இடம் அது. கறித்துண்டுகள் எந்தப் பக்கம் போயின என்பதை எழுத வேண்டியதில்லை.

பழைய விருத்தத்தைத் திருப்பித் தருமாறு கேட்டு வாங்கிக் கொண்டோம். புதிதாக ஒன்றும் எழுதித் தரவில்லை. சைக்கிள் பம்பு விருத்தத்துக்குள் அடங்குமா என்று இன்னமும் முயன்று கொண்டிருக்கிறோம். அடங்கினால் நண்பருக்குத்தான் முதலில் படித்துக் காட்டுவோம். அவர் அதில் தம் தம்பியைக் கண்டால் பாடல் தேறிற்று. காணாவிடில் யாப்பு எத்துணை செப்பமாயினும் தேறவில்லை. இரங்கற்பாவுக்கு அவரை மிஞ்சிய திறனாய்வாளர் எவருமில்லை.

மறைந்த நம் அனைவரின் கபுருகளையும் வல்ல நாயன் விசாலமாக்கி ஒளிமயமாக்குவானாக! துயருற்றோர் பேசும்போது கேட்கும் செவியை நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.